காலநிலைக் கொள்கையில் ஒரு வன நிறுவனம் பங்கேற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிமென்ட் ஆலைக்குக் காலநிலைக் கொள்கை என்பது புகையைக் குறைக்கும் செலவுக் கணக்கு. மரம் வளர்த்து வெட்டி விற்கும் நிறுவனத்துக்கு அது அவ்வளவு நேரானதல்ல. அதன் நிலம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது. அறுவடை அதை வெளியேற்றுகிறது. விற்ற பலகை சில பத்தாண்டுகள் அதைப் பிடித்து வைக்கிறது. இந்த மூன்றில் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துப் பேசும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரும். எதிரே இருக்கும் அரசு அலுவலர்களும் சூழலியல் அமைப்புகளும் அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் இந்தப் பணி தொடங்குவது அரசுக்கு மனு எழுதுவதில் அல்ல, கணக்கில். சொந்தக் கணக்கு தாங்காத எந்த வாக்கியமும் கொள்கை மேசைக்குப் போகக் கூடாது. கீழே வரும் படிகளெல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடக்கின்றன.

முதல் படி: கார்பன் கணக்கேட்டை உருவாக்குங்கள்

காட்டின் கார்பன் ஐந்து இருப்புகளில் இருக்கிறது: நிலத்துக்கு மேலே உள்ள உயிர்த்திரள் (அடிமரம், கிளை, இலை), வேர்கள், பட்டுப்போன மரம், சருகு, மண். வெட்டி விற்ற மரப்பொருளில் தங்கும் கார்பனை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள்தான் நாடுகளின் அரசுக் கணக்குக்கு அடிப்படை. அவற்றுக்கு 2019-இல் வந்த திருத்தத்தை நாடுகள் விரும்பினால் பயன்படுத்தலாம். நிறுவனமும் அதே மொழியில் கணக்கு வைத்தால் அலுவலரோடு பேசுவது எளிது.

களத்தில் நிரந்தர மாதிரி வட்டங்கள் அமையுங்கள். 400 சதுர மீட்டர் வட்டத்துக்கு ஆரம் 11.28 மீட்டர். மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே மரங்களை அளந்தால் போதும். சரிவான நிலத்தில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். 11.28 மீட்டர் என்பது கிடைமட்டத் தூரம். 20 பாகை சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்தால் 12 மீட்டர் போக வேண்டும். 11.28-இலேயே நிறுத்தினால் வட்டத்தின் உண்மைப் பரப்பு சுமார் 6 விழுக்காடு குறைந்துவிடும். ஹெக்டேர் கணக்குக்குப் பெருக்கும்போது அதே அளவு கார்பன் காணாமல் போகும். வட்டங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய, 90 விழுக்காடு நம்பக அளவில் பிழை மேலும் கீழும் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது.

இனி ஒரு ஹெக்டேரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அடிமரக் கன அளவு 200 கன மீட்டர். மரத்தின் அடிப்படை அடர்த்தி கன மீட்டருக்கு 0.45 டன். பெருக்கினால் 90 டன் உலர் எடை. கிளை, இலை சேர்க்க 1.3-ஆல் பெருக்கினால் 117. வேருக்கு இன்னும் கால் பங்கு சேர்த்தால் 146. அதில் கார்பன் 0.47 பங்கு என்று எடுத்தால் சுமார் 68.7 டன். அதை 44/12-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 252 டன் கார்பன் டை ஆக்சைடு. இங்கே 0.47 ஐபிசிசி தரும் பொது மதிப்பு. 0.45, 1.3, கால் பங்கு ஆகிய மூன்றும் இனத்துக்கும் வயதுக்கும் மாறுபவை, உங்கள் காட்டிலேயே அளந்து எடுக்க வேண்டியவை. அட்டவணையில் இருப்பதை அப்படியே தூக்கிப் போட்டால் ஏட்டுச் சுரைக்காய் கதைதான்.

அடர்த்தியில் நடக்கும் தவறு தனியாகச் சொல்லத் தக்கது. அடிப்படை அடர்த்தி என்பது முழுக்க உலர்ந்த எடையைப் பச்சை மரத்தின் கன அளவால் வகுத்தது. மர வியாபாரத்தில் புழங்குவதோ 12 விழுக்காடு ஈரத்தில் எடுத்த காற்றுலர் அடர்த்தி. இரண்டாவதை முதலாவதின் இடத்தில் போட்டால் முழுக் கணக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஊதிவிடும். சரிபார்க்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் இருப்புக்கும் ஓட்டத்துக்கும் இடையில். மேலே சொன்ன காடு ஒரு லட்சம் ஹெக்டேர் இருந்தால் அதில் 2.52 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. "நாங்கள் 2.52 கோடி டன்னைச் சேமித்து வைத்திருக்கிறோம்" என்று அறிக்கையில் போட அழகாக இருக்கும். ஆனால் அரசுக் கணக்கு பார்ப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் வித்தியாசத்தை. வளர்ச்சிக்குச் சமமாக வெட்டினால் மாற்றம் சுழி. வளர்ச்சியைவிடக் கூடுதலாக வெட்டிய ஆண்டில் அதே காடு உமிழ்வுப் பக்கம் போகும். எனவே கணக்கேட்டில் இருப்பு ஒரு பத்தி, வளர்ச்சி ஒரு பத்தி, அறுவடை ஒரு பத்தி, தீ, பூச்சி, புயல் இழப்பு ஒரு பத்தி என்று தனித்தனியாக இருக்க வேண்டும். தீப்பிடித்த ஆண்டை விட்டுவிட்டுச் சராசரி போடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றது. செயற்கைக்கோள் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

மரப்பொருளுக்கு ஐபிசிசி தரும் அரை ஆயுட்காலங்கள்: அறுவை மரத்துக்கு 35 ஆண்டு, பலகை வகைகளுக்கு 25 ஆண்டு, காகிதத்துக்கு 2 ஆண்டு. ஊசியிலை அறுவை மரம் ஒரு கன மீட்டரில் 0.225 டன் கார்பன் என்பது பொது மதிப்பு. ஆக 10,000 கன மீட்டர் விற்றால் 2,250 டன் கார்பன், அதாவது 8,250 டன் கார்பன் டை ஆக்சைடு பொருளில் போய்ச் சேர்கிறது. 35 ஆண்டில் அதில் பாதி காற்றுக்குத் திரும்பிவிடும். இங்கே உள்ளே வருவது அறுத்து முடித்த பலகையின் கன அளவு, லாரியில் ஏறிய உருட்டுமரத்தின் அளவல்ல. தூளாகவும் சில்லாகவும் போனது வேறு கணக்கு. சில்லு காகித ஆலைக்குப் போனால் 2 ஆண்டு அரை ஆயுள், கொதிகலனுக்குப் போனால் உடனே புகை.

கடைசியாக நிறுவனத்தின் சொந்த உமிழ்வு: இயந்திர டீசல், வாங்கும் மின்சாரம், லாரி, கப்பல், ஆலை. தோட்டக்காட்டுக்கு உரம் போட்டால் அதையும் மறக்க வேண்டாம். மண்ணில் இடும் ஒரு டன் நைட்ரஜனில் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக நேரடியாக வெளியேறும் என்பது ஐபிசிசியின் பொது மதிப்பு. கணக்குப் போட்டால் அது 15.7 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. புவியைச் சூடாக்கும் அதன் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 273 மடங்கு என்பதால் ஏறத்தாழ 4.3 டன்னுக்குச் சமம்.

இரண்டாம் படி: எந்தச் சட்டம் எந்த வரியைத் தொடுகிறது?

கணக்கேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் நேரே அதைத் தொடும் கொள்கையை எழுதுங்கள். பொதுவாக ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது தேசிய இலக்கு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி நாடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலக்கைப் புதுப்பிக்கின்றன. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு காடுகளைப் பற்றியது, ஆறாம் பிரிவு நாடுகளுக்கிடையே உமிழ்வுக் குறைப்பைப் பரிமாறுவதைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் திருத்திய நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் 2030-க்கு 31 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான நிகர உறிஞ்சல் என்ற இலக்கை வைத்திருக்கிறது. இப்படி ஓர் எண் வந்தவுடன் அறுவடை அளவின் மீது அரசின் கண் விழும்.

இரண்டாவது கார்பன் சந்தை: உறிஞ்சிய அல்லது குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அலகு (கிரெடிட்) பெற்று விற்கும் ஏற்பாடு. விதிகள் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுகின்றன. நியூசிலாந்து 2008-இலேயே காடுகளை உமிழ்வு வர்த்தகத்துக்குள் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் பதியும் வெட்டுச் சுழற்சிக் காடுகளுக்கு அங்கே சராசரிக் கணக்கு முறை, அதாவது பல சுழற்சிகளில் சராசரியாக நிற்கும் கார்பன் வரை மட்டுமே அலகு. முதல் சுழற்சி ரேடியாட்டா பைனுக்கு 16 வயது வரைதான் அலகு கிடைக்கும், அதன்பின் வெட்டி மறுநடவு செய்தால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் முறையிலோ கிரெடிட் வழங்கிய பிறகு 100 ஆண்டு கண்காணிப்பு. ஒரே மரத்துக்கு இந்த இரண்டு முறைகளில் வரும் பண ஓட்டம் முற்றிலும் வேறு.

மூன்றாவது உயிர்த்திரள் எரிபொருள். ஐரோப்பாவின் 2023 புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறை அறுவைத் தரமான உருட்டுமரம், வெனீர்க் கட்டை, தொழில்தர உருட்டுமரம், அடிக்கட்டை, வேர் ஆகியவற்றை எரித்து எடுக்கும் ஆற்றலுக்கு நேரடி நிதி உதவி தரக் கூடாது என்கிறது. நான்காவது காடழிப்பில்லாத வணிகம்: ஐரோப்பியச் சட்டம் 2023/1115 மரம் உள்ளிட்ட ஏழு பண்டங்களுக்கு 2020 டிசம்பர் 31-ஐ எல்லை நாளாக வைக்கிறது, அதற்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வந்த பொருள் ஏற்கப்படாது. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைக்கு எல்லைக்கோட்டின் எல்லாப் புள்ளிகளும் வேண்டும், தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம். அமலாகும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனதால் சும்மா இருந்துவிட்ட நிறுவனங்கள் பல. தேதி மாறினாலும் புள்ளிகளைச் சேகரிக்கும் வேலை மாறவில்லை.

வெளிப்படுத்தல், விளம்பரக் கூற்று பற்றிய விதிகளும் கட்டுமானத்தில் மரப் பயன்பாட்டை ஊக்குவிக்கும் விதிகளும் மிச்சம். அவற்றைக் கண்காணிக்க ஒருவரை நியமித்தால் போதும்.

மூன்றாம் படி: பேசுவதற்கு முன் சொந்த இலக்கை வையுங்கள்

தனக்கு இலக்கே இல்லாத நிறுவனம் அரசின் இலக்கைப் பற்றிக் கருத்துச் சொன்னால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நிறுவனங்களின் காலநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் அறிவியல் அடிப்படை இலக்கு முன்முயற்சி (SBTi) 2022-இல் நிலம் சார்ந்த துறைகளுக்கென்று தனி வழிகாட்டியை வெளியிட்டது. வனம், மரம், காகிதம், ரப்பர் நிறுவனங்கள் நிலம் சார்ந்த இலக்கை ஆற்றல் மற்றும் ஆலை சார்ந்த இலக்கிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். காட்டின் உறிஞ்சலைக் காட்டி ஆலைப் புகையைக் கழிக்கும் பழைய வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி. காடழிப்பில்லாத உறுதிமொழியும் கூடவே கேட்கப்படுகிறது. இயக்குநர் குழு இதற்குக் கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் கொள்கைப் பிரிவு ஒன்று சொல்லும், நிதிப் பிரிவு வேறொன்று சொல்லும்.

நான்காம் படி: கருத்துக்கேட்புக்குப் பதில் எழுதுவது

வேலையின் நடுப்புள்ளி இதுதான். ஐரோப்பிய ஆணையத்தில் பொதுக் கருத்துக்கேட்பு பொதுவாக 12 வாரம், துணை விதி வரைவுகளுக்கு 4 வாரம். 4 வாரத்தில் புதிதாகத் தரவு தேட முடியாது. முதல் படியின் கணக்கேடு தயாராக இருக்கும் நிறுவனம் மட்டுமே அப்போது எண்ணோடு பதில் சொல்ல முடியும்.

வரைவு வந்த முதல் மூன்று நாளில் வன மேலாளர், கணக்காளர், சட்டத்தரணி மூவரும் சேர்ந்து அதைப் பிரிவு பிரிவாகப் படித்து, தங்களைத் தொடும் பிரிவுகளைக் குறிக்க வேண்டும். ஐந்துக்கு மேல் எடுக்காதீர்கள். நாற்பது பிரிவுகளைக் குறை சொல்லும் மனுவை அலுவலர் எதிர்ப்பு என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுவார். ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: வரைவின் சொற்றொடர், அது களத்தில் எப்படி நடக்கும், எங்கள் கணக்கில் அதன் அளவு, மாற்றாக நாங்கள் முன்வைக்கும் சொற்றொடர். கடைசி ஒன்றுதான் பெரும்பாலும் விடுபடும். அலுவலருக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுவே, ஏனென்றால் அவர் மறுநாள் வரைவைத் திருத்த உட்கார வேண்டும்.

ஒரு பத்தி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு. மோசமான வடிவம்: "இந்த விதி துறையைக் கடுமையாகப் பாதிக்கும், வேலைவாய்ப்பு குறையும், நீடித்த வன மேலாண்மையை அரசு ஊக்குவிக்க வேண்டும்." இதில் அலுவலர் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நல்ல வடிவம்: "பிரிவு 7(2) இழப்பு நிகழ்ந்த 30 நாளில் அறிக்கை கேட்கிறது. புயலுக்குப் பின் எங்கள் மாதிரி வட்டங்களை மறுபடி அளக்க 90 நாள் ஆகிறது, விழுந்த மரத்தை அகற்றும் வரை உள்ளே போவது பாதுகாப்பில்லை. 30 நாளில் செயற்கைக்கோள் அடிப்படையிலான முதற்கட்ட மதிப்பீடு, 120 நாளில் கள அளவீடு என்று மாற்றக் கோருகிறோம்." இரண்டாவது வடிவத்தில் நிறுவனம் கடமையைத் தட்டிக்கழிக்கவில்லை, அதை நடக்கக்கூடியதாக்குகிறது.

பதிலில் அடிக்கடி மூன்று கூற்றுகள் தலைகாட்டும். மூன்றையும் சலித்தெடுக்க வேண்டும்.

மர எரிபொருள் சுழி உமிழ்வு என்பது முதலாவது. ஐபிசிசி முறையில் மரத்தை எரிக்கும் உமிழ்வு ஆற்றல் துறையில் எழுதப்படுவதில்லை, அது நிலத் துறையில் அறுவடை இழப்பாக ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் காரணம். அது இரட்டைக் கணக்கைத் தவிர்க்கும் ஏற்பாடு. புகை இல்லை என்பதற்குச் சான்று அல்ல.

சிமென்டுக்கும் இரும்புக்கும் பதிலாக மரம் என்ற மாற்றீட்டுப் பயன் இரண்டாவது. 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு மரப்பொருளில் உள்ள ஒரு டன் கார்பனுக்குச் சராசரியாக 2.1 டன் கார்பன் உமிழ்வு தவிர்க்கப்படுகிறது என்றது. 2018-இல் ஐரோப்பிய வன நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் அந்தச் சராசரி 1.2. இன்னும் 2.1-ஐ எடுத்தாளும் மனுவைத் தகவலறிந்த அலுவலர் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார். இரும்பு ஆலையும் சிமென்ட் ஆலையும் தங்கள் உமிழ்வைக் குறைக்கக் குறைக்க இந்தப் பயன் இன்னும் சுருங்கும் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு எழுதுவதைவிட அது நல்லது.

மூன்றாவது, இளம் மரம் வேகமாக வளர்கிறது, அதனால் முதிர்ந்த காட்டை வெட்டி நடுவதே காலநிலைக்கு நல்லது என்ற வாதம். வளர்ச்சி வேகம் ஓட்டம், முதிர்ந்த காட்டில் இருப்பது இருப்பு. வெட்டிய அன்று இழந்த இருப்பை இளங்காடு எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்ற எண் இல்லாமல் இந்த வாதத்தைத் தொடவே வேண்டாம்.

ஐந்தாம் படி: தொழில் சங்கம் உங்கள் பெயரில் என்ன பேசுகிறது?

நிறுவனம் அறிக்கையில் இலக்கை ஆதரிக்கும், அது சந்தா கட்டும் சங்கம் அதே இலக்கை அமைச்சகத்தில் எதிர்த்து நிற்கும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. முதலீட்டாளர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். அரசின் முடிவுகளைத் தன் பக்கம் திருப்ப முயல்வதற்கு லாபியிங் என்று பெயர். 2022-இல் வெளிவந்த பொறுப்பான பெருநிறுவனக் காலநிலை லாபியிங்குக்கான உலகளாவிய தரம் 14 குறியீடுகளை வைத்திருக்கிறது. சங்கங்களின் நிலைப்பாட்டை ஆய்ந்து, முரண்பட்டால் என்ன செய்தோம் என்று வெளியிடுவதும் அதில் ஒரு பகுதி.

செய்முறை எளிது. உறுப்பினராக உள்ள சங்கங்களை எல்லாம் பட்டியலிட்டு, கட்டும் சந்தா, குழுக்களில் இருக்கும் நம் ஆள், கடந்த இரண்டாண்டில் சங்கம் அளித்த கருத்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். நம் நிலைப்பாட்டோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு ஒத்துப்போகிறது, ஓரளவு, முரண் என்று மூன்றாகப் பிரியுங்கள். முரண் உள்ள இடத்தில் முதலில் உள்ளிருந்து எழுத்தில் எதிர்ப்பு, ஓராண்டு அவகாசம், அதன்பின் தனி மனு அல்லது விலகல். பெரும்பாலும் சிக்கல் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கும் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது, ஏனென்றால் சங்கக் குழுவில் நம் சார்பில் உட்காருபவர் விற்பனைப் பிரிவு ஆள், அவருக்கு நிறுவனத்தின் காலநிலை நிலைப்பாடே தெரியாது. அவர் கையில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆறாம் படி: கிரெடிட் விற்பதும் கொள்கை பேசுவதும்

கார்பன் கிரெடிட் விற்கும் நிறுவனம் கிரெடிட் விதிகளைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது தன் நலனை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நான்கு கேள்விகளுக்குப் பதில். கிரெடிட் பணம் இல்லாவிட்டால் இந்த மரம் நின்றிருக்காதா? இங்கே வெட்டாததால் வேறிடத்தில் வெட்டப்படுகிறதா? தீ வந்தால் இழப்பை எந்தக் காப்பிருப்பு (விற்காமல் ஒதுக்கி வைத்த கிரெடிட்) ஈடுகட்டும்? அதே டன்னை அரசும் தன் இலக்கில் எண்ணுகிறதா? கடைசிக் கேள்விக்காகத்தான் பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவில் ஒத்த சரிக்கட்டல் என்ற ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டு இலக்குக்கு விற்ற டன்னை விற்ற நாடு தன் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். எப்படியும் வெட்ட முடியாத செங்குத்துச் சரிவைத் திட்டத்துக்குள் சேர்த்துக் கிரெடிட் கேட்பது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

விளம்பரத்திலும் கவனம். ஐரோப்பிய நெறிமுறை 2024/825, 2026 செப்டம்பர் 27 முதல் உமிழ்வை ஈடுசெய்ய வாங்கிய கிரெடிட்டை வைத்து ஒரு பொருளைக் கார்பன் நடுநிலை என்று சொல்வதைத் தடை செய்கிறது. வாங்குபவரின் பெட்டியில் அச்சாகும் வாசகம் உங்கள் கிரெடிட்டைப் பற்றியது என்றால் ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு பிரிவு வேண்டும்.

ஏழாம் படி: நிலத்தில் வாழ்பவர்கள்

பழங்குடி மக்களின் நிலத்தைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும் அவர்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும். 2007-இன் ஐ.நா. பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் இதைச் சொல்கிறது, பொறுப்பான வன மேலாண்மைக்கான எஃப்எஸ்சி (FSC) சான்றிதழும் கேட்கிறது. கொள்கை மனுவில் "உள்ளூர் மக்கள் ஆதரிக்கிறார்கள்" என்று எழுதும் முன், எந்த நாளில், எந்த மொழியில், யார் கூடிப் பேசி, எதற்கு ஒப்பினார்கள் என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். அரைநாள் கூட்டத்தில் எடுத்த வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

எட்டாம் படி: பதிவு, வெளிப்படுத்தல், திரும்பப் பார்ப்பது

அமைச்சர், அலுவலர், சட்டமன்ற உறுப்பினர் யாரைச் சந்தித்தாலும் நாள், பொருள், கொடுத்த காகிதம் மூன்றையும் அன்றே பதியுங்கள். லாபியிங் பதிவேடு இருக்கும் இடங்களில் பதிவு செய்துவிட்டே பேசுங்கள். அளித்த மனுக்களை நிறுவனத்தின் தளத்தில் முழுமையாக வெளியிடுவது நல்லது. மனுவில் இருப்பதும் ஆண்டறிக்கையில் இருப்பதும் ஒரே எண்ணா என்று தணிக்கைக்கு முன் ஒருவர் வரி வரியாக ஒப்பிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லா நிலைப்பாடுகளையும் புதிய அளவீட்டோடு வைத்துப் பாருங்கள். ஃபின்லாந்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2035-க்குள் கார்பன் நடுநிலை என்று சட்டம் போட்ட அந்த நாடு தன் காடுகளின் உறிஞ்சலை நம்பியிருந்தது. 2022 இறுதியில் வந்த முதற்கட்டக் கணக்கில் 2021-இல் நிலப் பயன்பாட்டுத் துறை நிகர உமிழ்வுப் பக்கம் போயிருந்தது. மரங்களின் வளர்ச்சி குறைந்ததும் வெட்டு அதிகமாக இருந்ததும் காரணம். பழைய வளர்ச்சி அட்டவணையை வைத்து அறுவடையைக் கூட்டலாம் என்று வாதிட்ட எந்தக் காகிதமும் அன்று முதல் செல்லாக் காசாகிவிட்டது. உங்கள் மாதிரி வட்டங்களிலும் அடுத்த அளவீட்டில் வளர்ச்சி குறைந்து வரலாம். அப்படி வந்தால் முதலில் திருத்த வேண்டியது ஏற்கெனவே அளித்த மனுவை. திருத்திய எண்ணை, மாறியதற்கான காரணத்தோடு, அதே அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.